குமரகுருபர சுவாமிகளும் பிணிதீர்த்த செந்தமிழும்

திருச்சிற்றம்பலம்

பொதியிலில் தோன்றிப் பாபநாசத்தில் சமவெளியைத் தழுவும் பொருநையாள், அம்பாசமுத்திரமும் திருப்புடைமருதூரும் கடந்து நம் முக்கூடற் பதியின் கரையைத் தொட்டு, சேரன்மாதேவி, திருநெல்வேலி வழியாகக் கிழக்கே சென்று, புன்னைக்காயலிற் கடலோடு கலக்கின்றாள். கடல் காண்பதற்கு முன் அவள் வளம்படுத்தும் பெருமூதூர்களுள் ஒன்று திருவைகுண்டம். 1986ஆம் ஆண்டுமுதல் அவ்வூர் தூத்துக்குடி மாவட்டத்தைச் சார்ந்ததாயினும், ஆற்றின் வழியே எண்ணுவார்க்கு அது நம் ஊரேயாம். நம் திருக்கோயிற் குடமுழுக்கிற்கு முகந்த நீரின் எஞ்சிய பகுதி அவ்வூர்ப் படித்துறையையும் தொட்டே செல்லும். ஆதலின் இம்மலரில் திருவைகுண்டத்து அவதரித்த குமரகுருபர சுவாமிகளின் வரலாற்றை எழுதப் புகுந்தது பொருத்தமே என்று அன்பர்கள் கொள்வார்களாக. முக்கூடல் என்றவுடன் பள்ளுப் பாடலை எதிர்பார்ப்பாரும் உளர். அப்பள்ளு பாடும் முக்கூடல், சிற்றாறும் கயத்தாறும் பொருநையோடு கூடும் சீவலப்பேரியே. நம் ஊர் அன்று. அந்த மயக்கத்தை இவ்விடத்தே தீர்த்துவிட்டு மேற்செல்வோம்.

திருவைகுண்டத்தில் கயிலாசநாதர் திருக்கோயிலைச் சார்ந்து வாழ்ந்த சைவ வேளாளர் குடியில், சண்முகசிகாமணிக் கவிராயர் என்பார் சிவகாமசுந்தரி அம்மையார் என்னும் கற்பரசியோடு இல்லறம் நடத்தி வந்தார். பெயரே கூறுமாறு அவர் கவிராயர். செய்யுள் ஓதலும் செய்யுள் கேட்டலும் அவ்வில்லத்தில் அன்றாட நிகழ்ச்சி. அத்தகைய வீட்டிற் பிறந்த குழந்தை பேசவில்லை. ஓராண்டு சென்றது, மழலை எழவில்லை. ஈராண்டு சென்றது, அம்மை அப்பன் என்னும் சொற்களும் எழவில்லை. அயல்வீட்டுப் பிள்ளைகள் திண்ணையில் ஆத்திசூடி ஓதும் ஐந்தாம் அகவையிலும் இப்பிள்ளையின் நா அசையவில்லை. தமிழை விற்றுண்ணாது தமிழாகவே வாழ்ந்த தந்தைக்கு இதனினும் பெருந்துன்பம் யாது? தாய்க்கோ, தன் பிள்ளை தன்னை அழைக்கும் ஒரு சொல்லைக் கேளாத செவி ஐந்தாண்டு பாழாய்க் கிடந்தது. ஊரார் மூங்கை என்று கூறும் சொல்லை மட்டும் அச்செவி கேட்டுக்கொண்டிருந்தது.

பெற்றோர் செந்திற்பதி சேர்ந்தனர். திருச்சீரலைவாய் என்று முருகாற்றுப்படை காலத்திலிருந்தே போற்றப்பெறும் அக்கடற்கரைத் தலத்தில் ஒரு மண்டலம் நோன்பிருந்து முருகப்பெருமானை வழிபட்டனர் என்றும், பெருமானருளால் பிள்ளை வாய்திறந்தான் என்றும் தொன்றுதொட்டு வழங்கும் வரலாறு கூறுகின்றது. ஈண்டு ஒரு வியப்பு உண்டு. ஏனைய குழந்தைகள் முதலில் ஒலியும், பின்பு சொல்லும், அதன்பின் தொடரும், நெடுநாட்குப்பின் செய்யுளும் கற்பர். இப்பிள்ளை முதலிற் பேசியதே செய்யுள். அதுவே கந்தர் கலிவெண்பா என நாம் நாள்தோறும் ஓதுவது.

ஐந்து வயதுப் பிள்ளை சித்தாந்த நுட்பமெல்லாம் செறிந்த ஒரு நூலைப் பாடுதல் கூடுமோ என்று வினவும் கல்விமான்கள் இந்நாளிற் பலர். ஐயுறுவார் ஐயுறுக. அவர்களோடு வாதிடுவது அடியேன் கருத்தன்று. நூலுள் என்ன இருக்கின்றது என்பதே நமக்கு வேண்டுவது. அதன் முற்பகுதி, உருவும் பெயரும் கடந்த பரம்பொருள் உயிர்கள்மேல் வைத்த கருணையால் ஐந்தொழில் புரிதலையும், ஆறுமுகனாகத் திருவுருக்கொண்டு தோன்றியதையும், சூரனை அழித்ததையும் விரிக்கின்றது. இறுதிப் பகுதி வேண்டுகோள். அவ்வேண்டுகோளின் வரிசையைப் பலர் ஓதிச் செல்கின்றனரேயன்றி உற்று நோக்குவதில்லை. பிறவிதோறும் தொடரும் பகை, அகால மரணம், இடையூறு, பலவகைப் பிணி, பிறர் ஏவும் தீவினை, பாம்பு, பேய், தீ, நீர், படைக்கலம், நஞ்சு, கொடுவிலங்கு இவற்றால் துன்பம் நேருங்கால் மயிலேறி வந்து காக்குமாறு முதலில் வேண்டுகின்றார். அதன்பின் ஆசு முதலிய நால்வகைக் கவியும், அட்டாவதானமும், ஐந்திலக்கணமும் தோய்ந்து முதிர்ந்த தமிழ்ப்புலமையும் வேண்டுகின்றார். புலமையோடு நின்றாரா என்றால் இல்லை. அப்புலமை ஒழுக்கத்தோடு கூடியிருத்தல் வேண்டும். இப்பிறவியிலேயே மும்மலமும் கழிதல் வேண்டும். பழைய அடியாரோடு கூடுதல் வேண்டும். முடிவில் திருவடியே கிட்டுதல் வேண்டும்.

உடற்பிணி நீங்குதலும் கவி பிறத்தலும் ஒரே வேண்டுகோளில், ஒரே மூச்சில் நிற்கின்றன. ஆயினும் கவி அதில் இடைப்படியே; உச்சியன்று. மருந்தை உண்டவன் நோய் நீங்கியபின் வாழவேண்டிய வாழ்வு ஒன்று உண்டன்றோ? சுவாமிகள் வரலாற்றை ஊன்றி நோக்குங்கால், அவர்தம் முதற்பாட்டில் வேண்டிய வரிசைப்படியே பின்னர் அவர் வாழ்வு நடந்தது எனக் காண்கின்றோம்.

மேற்செல்லுமுன் ஒரு கேள்விக்கு விடை கூறல் வேண்டும். பேச்சு வராத பிள்ளைகளோடு செந்தூர் செல்லும் பெற்றோர் இன்றும் பலர். கந்தர் கலிவெண்பாவை மண்டலம் ஓதுவாரும் பலர். அவர்களுள் எல்லாப் பிள்ளைகளும் பேசிவிடுவதில்லை. பேசாத பிள்ளையைத் தோளிற் சுமந்து அக்கடற்கரையினின்று திரும்பும் தாய்க்கு இந்தப் பாட்டு என் செய்தது? அவள் அன்பிற் குறை என்று கூறுவாரும் உளர்; அது கொடுஞ்சொல்; சைவத்திற்கு அடாதது. பிறந்த குழந்தையின் கேள்வித் திறனை உடனே சோதித்தறியும் கருவிகளும், கேளாச் செவிக்குக் கேட்டலைத் தரும் அறுவை மருத்துவமும், அதனை ஏழைகளுக்கு அரசின் காப்பீட்டிலேயே செய்விக்கும் ஏற்பாடும் நம் மாநிலத்தில் வந்துள்ள காலம் இது. பேசாமைக்குக் கேளாமையும் ஒரு காரணமாகலாம் என்றும், சிகிச்சையைக் காலந்தாழ்த்தினால் பயன் குறையும் என்றும் மருத்துவர் கூறுகின்றனர். நேர்த்திக்கடனை முன்னிட்டு மருத்துவரிடம் செல்லாதிருத்தல் முருகனுக்கு உகப்பன்று. வைத்தியநாதனுக்கு மகனானவன் வைத்தியத்தை வெறுப்பானோ?

அங்ஙனமாயின் பாட்டு எதற்கு? நமக்கு அண்மையில், பொருநையோடு கடனாநதி கூடும் திருப்புடைமருதூரில் இதற்கு விடை உண்டு. ஆற்றில் வெள்ளம் பெருகியதால் அக்கரை செல்லமாட்டாத கருவூர்ச் சித்தர், இக்கரையில் நின்றே நாறும்பூநாதரை அழைத்தார் என்றும், அக்குரலைச் செவிமடுக்கப் பெருமான் தலைசாய்த்தார் என்றும் தலவரலாறு. இன்றும் சிவலிங்கத் திருமேனி அங்குச் சற்றே சாய்ந்திருத்தலைக் காணலாம். வெள்ளம் வடிந்தபின் சித்தர் கரையேறினார் என்பது பின்னிகழ்ச்சி. வெள்ளம் வடியுமுன்னரே பெருமான் சாய்ந்து கேட்டார் என்பதே அத்தலத்தின் உயிர். கேட்பார் ஒருவர் உளர் என்னும் துணிவு, நோய் தீர்ந்தார்க்கும் தீராதார்க்கும் பொதுவான மருந்து.

வாய்திறந்த பிள்ளை திருவைகுண்டம் மீண்டு, தம் ஊர்க் கயிலாசநாதர்மேல் கயிலைக் கலம்பகம் பாடினார். இளமையிலேயே இலக்கண இலக்கியங்களையும் சைவ நூல்களையும் துறைபோகக் கற்றார். தலந்தோறும் சென்று வழிபட விழைந்து மதுரை சேர்ந்தார். அக்காலத்து மதுரையை ஆண்டவர் திருமலை நாயக்கர். 1623 முதல் 1659 வரை செங்கோல் ஓச்சியவர். அவர் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேறியது.

அந்நூல் அரங்கேறுங்கால் அங்கயற்கண்ணியே அருச்சகர் மகளாகிய சிறு பெண்ணுருவில் வந்து அரசர் மடியிலமர்ந்து கேட்டாள் என்பதும், வருகைப் பருவத்து ஒரு பாடலின்போது அரசர் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் புலவர் கழுத்திலிட்டு மறைந்தாள் என்பதும் யாவரும் அறிந்த செய்தி. முத்துமாலை நிகழ்ச்சியை எல்லாரும் கூறுவர். அடியேன் உள்ளத்தை மிகக் கவர்வது வேறொன்று. பிள்ளைத்தமிழுக்குரிய பத்துப் பருவங்களுள் தாலப் பருவம் ஒன்று. தால் என்பது நாக்கு. குழந்தையின் நாவைத் தாலாட்டால் அசைவித்தலே அப்பருவத்தின் பொருள். தாமே மழலைப் பருவத்தில் நாவசையாது கிடந்தவர், உலகீன்ற அன்னையைக் குழந்தையாக்கித் தொட்டிலிலிட்டு, அவள் நா அசையுமாறு தாலாட்டுகின்றார். தம் தாய் தம்மிடம் கேட்கப் பெறாத மழலையை எல்லாம் அவர் அம்மையிடம் கேட்டார் போலும். காப்பும் செங்கீரையும் தாலும் சப்பாணியும் முத்தமும் எனப் பருவந்தோறும் செல்லுங்கால், தாம் இழந்த குழந்தைப் பருவத்தையே பத்துப் பத்துப் பாடலாக மீட்டுக்கொண்டார் என்று தோன்றுகின்றது. அந்நூலிலுள்ள சொல்லழகையும் சந்த இனிமையையும் போற்றுவார் பலர். அவ்வினிமைக்கு அடியில் ஐந்தாண்டு மௌனம் கிடக்கின்றது என்பதை நினைந்து ஓதினால் கண் கலங்கும்.

மதுரைக் கலம்பகம், மீனாட்சியம்மை குறம், இரட்டைமணிமாலை முதலியனவும் அம்மையப்பர்மேற் பாடியவை. அரசர் வேண்டுகோளால் எழுந்தது நீதிநெறி விளக்கம் என்பர். அதில் கல்வியை மனைவியாகவும் கவியை மகனாகவும் உருவகித்துள்ளார். நான்முகன் படைக்கும் உடம்பு மாய்வது, புலவர் படைக்கும் புகழுடம்பு மாயாதது என்றும் கூறியுள்ளார். பின்னர்த் திருவாரூர் சென்று நான்மணிமாலை பாடினார்.

இவ்வளவும் நிகழ்ந்தபோது சுவாமிகள் இளைஞர். அரச மரியாதை உண்டு, பெரும்புகழ் உண்டு, வாய்திறந்தால் வெள்ளமெனப் பாயும் கவி உண்டு. உடற்பிணி நீங்கிற்று, புலமையும் கிடைத்தது. செந்திற் பெருமானிடம் வேண்டியவற்றுள் முன்னிரண்டும் முற்றின. ஞானாசிரியன் இன்னும் வாய்க்கவில்லை. இவர் வாக்கு எவர் முன்னிலையில் தடைப்படுகின்றதோ அவரே இவர்க்குக் குரு என்று செந்திலாண்டவன் முன்பே அருளியிருந்தான் என்பது மட மரபிற் கேட்டுவரும் செய்தி.

சோழநாட்டுத் தருமபுர ஆதீனத்தின் நான்காம் பட்டத்தில் அப்போது எழுந்தருளியிருந்தவர் மாசிலாமணி தேசிகர். சுவாமிகள் அவரை வணங்கினார். தேசிகர், பெரிய புராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணத்து ஒரு பாடலைச் சுட்டினார். சுந்தரமூர்த்தி நாயனார் தில்லையில் ஆடற்பெருமானைக் கண்டபோது ஐம்புலனும் கண்ணொன்றேயாக, மற்றைக் கரணங்களும் ஒன்றில் ஒடுங்கி இன்ப வெள்ளத்துள் நின்ற நிலையைச் சேக்கிழார் பெருமான் கூறும் பாடல் அது. அதன் அனுபவப்பொருள் யாது என்று தேசிகர் வினவினார். சொற்பொருள் கேட்டிருந்தால் சுவாமிகள் ஒரு பகல் முழுதும் விரித்துரைத்திருப்பார். கேட்டது அனுபவம். வாக்குத் தடைப்பட்டது.

ஐந்தாண்டு பேசாதிருந்த நா, பின்பு ஒரு கணமும் தடுமாறாத நா, மீண்டும் ஊமையாயிற்று. முதல் ஊமை பிணி; இவ்வூமை மருந்து. தாம் பாடியவை யாவும் தாம் கண்டவை ஆகமாட்டா என்பதைப் புலவர் ஒருவர் உணரும் இடம் இது. மடத்தில் தமிழ் பயின்ற காலத்தில் எமக்குப் பாடஞ்சொன்ன பெரியோர் இந்த இடம் வருங்கால் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டே மேற்பாடம் தொடங்குவர். அவர் உரைத்த உரைகள் பல மறந்தன, அப்பேசாமை மறக்கவில்லை.

தேசிகரே தம் குரு எனத் தெளிந்த சுவாமிகள், துறவு நிலை அருளுமாறு வேண்டினார். காசியாத்திரை சென்று மீண்டபின் அருளுவதாகத் தேசிகர் கூற, நெடுந்தொலைவாகிய காசிக்குச் சென்று வருங்காறும் குருவைப் பிரிந்திருக்க ஆற்றாமையை இவர் விண்ணப்பித்தார். அங்ஙனமாயின் சிதம்பரவாசம் சிலநாள் செய்க என்று கட்டளையாயிற்று. சிதம்பரம் செல்லும் வழியில் இவர் தங்கியது புள்ளிருக்குவேளூர்.

புள்ளாகிய சடாயு, இருக்கு வேதம், முருகவேள், ஊர் எனப்படும் கதிரவன் ஆகியோர் வழிபட்டமையால் அப்பெயர் பெற்ற தலம் அது. வைத்தீசுவரன்கோயில் என்றே இன்று மக்கள் வழங்குவர். ஐயன் வைத்தியநாதன், அம்மை தையல்நாயகி, தீர்த்தம் சித்தாமிர்தம், பிரசாதம் திருச்சாந்துருண்டை. கோயிலே ஒரு மருத்துவசாலை. அங்கே செல்வமுத்துக்குமரனாக எழுந்தருளியிருப்பவன், செந்திலில் தமக்கு நா அளித்த அதே சிறுவன். அவன்மேல் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ் பாடினார். மதுரையில் பாடியபோது அவர் புலவர். இங்கே பாடுங்கால் குருவின்முன் வாயடைத்துப் பணிந்த அடியவர். நோய் தீர்ந்தவன் மருத்துவன் வீட்டு வாயிலில் நின்று செலுத்தும் காணிக்கை என்று இந்நூலைக் கூறலாம். இரண்டு பிள்ளைத்தமிழுள் எது சிறந்தது என்று புலவர் வழக்காடுவர். சொல்வளத்தில் மதுரை நூல் ஒரு படி மேல் என்று கொள்ளினும், ஓதி உருகுதற்கு அடியேன் எடுப்பது வேளூர் நூலே.

தில்லையில் சிதம்பர மும்மணிக்கோவை, சிவகாமியம்மை இரட்டைமணிமாலை முதலியன பாடினார். யாப்பருங்கலக் காரிகை கூறும் செய்யுள் வகைகளுக்குச் சிவபரமான இலக்கியமாகச் சிதம்பரச் செய்யுட்கோவையும் அருளினார். இலக்கணம் பயிலும் மாணாக்கன், பயிலும்போதே கூத்தப்பெருமானை நினைக்குமாறு செய்த உபாயம் அது. பின்னர்த் தருமபுரம் மீண்டு காவியுடையும் உபதேசமும் பெற்றார். குருவின்மேற் பாடியதே பண்டார மும்மணிக்கோவை. கந்தர் கலிவெண்பாவில் வேண்டிய மலநீக்கமும் அடியார் கூட்டமும் இங்ஙனம் கைகூடின.

இனிக் காசி. குருவின் ஆணை தலைமேற்கொண்டு சுவாமிகள் வடக்கே சென்றார். அப்போது அந்நாடு முகலாயர் ஆட்சியில் இருந்தது. காசியில் சைவர்க்கு ஒரு மடம் வேண்டும். அதற்கு ஆட்சியாளரிடம் இடம் பெறல் வேண்டும். அவர்களோடு பேசுதற்கு இந்துத்தானி மொழி வேண்டும். தமிழில் ஆசுகவியாகிய அவர் அந்த அவையில் ஒரு சொல் பேசமாட்டாதவராய் நின்றார். செந்திலில் உடற்பிணியால் பேச்சில்லை. தருமபுரத்தில் ஞானத்தால் பேச்சில்லை. காசியில் மொழியறியாமையால் பேச்சில்லை. பிறமொழி நாட்டில் பிழைக்கச் சென்ற நம்மவர் எவர்க்கும் இந்த மூன்றாம் ஊமை நன்கு தெரியும். சுவாமிகள் செய்தது முன் செய்ததே, பாடினார். கலைமகள்மேற் பத்துப் பாடல்களாகச் சகலகலாவல்லி மாலை பிறந்தது. அவளருளால் அம்மொழி விரைவில் கைவந்தது என்றும், சிங்கத்தின்மேலேறி அவைக்குச் சென்று வேண்டிய இடத்தைப் பெற்றார் என்றும் வரலாறு கூறும். சிங்கத்தைப் படத்தில் எழுதிப் பூசிப்போர் பலர். அயல்மொழியை இகழாது கற்றமையைப் பின்பற்றுவோர் சிலரே. இலங்கையில் நவராத்திரிக் காலத்தில் பள்ளிக்கூடந்தோறும் சிறார் சகலகலாவல்லி மாலையை ஒருங்கே ஓதுவர். போரால் ஊர்விட்டுக் கடல்கடந்த ஈழத்து அன்பர்கள், தாம் குடியேறிய குளிர்நாடுகளிலும் அதனை விடவில்லை. புதுமொழி கற்கவேண்டிய நிலையில் நின்ற அவர்கட்கு அதனினும் ஏற்ற பாட்டு வேறில்லை.

காசியில் சுவாமிகள் கம்பராமாயணம் விரித்துரைக்க, அதனைத் துளசிதாசர் கேட்டார் என்று மேடைகளிற் கூறக் கேட்கின்றோம். துளசிதாசர் மறைந்தது 1623ஆம் ஆண்டு. திருமலை நாயக்கர் அரசெய்தியதும் அவ்வாண்டே. அவ்வரசர் அவையில் இளைஞராய்ப் பாடியவர் துளசிதாசர்க்கு உரை கூறல் இயலாது. சுவாமிகள் பெருமைக்கு இத்தகைய முட்டுக்கால் வேண்டுவதில்லை.

கங்கைக்கரையில் கேதாரத் துறையில் குமாரசுவாமி மடம் எழுந்தது. கேதாரேசுவரர் கோயில் வழிபாடும் சீர்பெற்றது. காசிக் கலம்பகம் அங்கே பாடியது. சுவாமிகள் காசியிலேயே பரிபூரணம் எய்தினார். வைகாசித் தேய்பிறை மூன்றாம் பக்கத்தில் குருபூசை நடைபெறுகின்றது. அவர் வழிவந்த தில்லைநாயக சுவாமிகள் 1720இல் சோழநாட்டுத் திருப்பனந்தாளில் காசிமடத்தை நிறுவினார். அம்மடத்தின் ஆதரவில் சுவாமிகள் பிரபந்தங்களைத் திரட்டி, ஏடுகளோடு ஒப்புநோக்கி, 1939இல் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் பதிப்பித்தார்கள். இன்று நாம் பிழையின்றி ஓதுவது அப்பெரியார் இட்ட பிச்சை.

அப்பதிப்பிலும் ஒரு குறை உண்டு. அது பதிப்பித்தோர் குறையன்று. சுவாமிகள் தம் சொந்த ஊரில், வாய்திறந்த புதிதில், பொருநைக்கரைக் கயிலாசநாதர்மேற் பாடிய கயிலைக் கலம்பகம் முழுமையாகக் கிட்டவில்லை. சில செய்யுட்களே எஞ்சியுள்ளன. வடகோடிக் காசியிற் பாடிய கலம்பகம் நமக்குக் கிடைத்திருக்க, நம் ஆற்றங்கரைக் கலம்பகம் நம்மிடமே தொலைந்தது. ஆடிப்பெருக்கில் பழஞ்சுவடிகளை ஆற்றில் விட்ட வழக்கம் நம் பள்ளத்தாக்கில் நெடுநாள் இருந்தது. அவ்வெள்ளத்தோடு அது கடல் சேர்ந்ததோ, இல்லை, கவிராயர் மரபினர் வீடு எதிலேனும் பரணில் செல்லரித்துக் கிடக்கின்றதோ, செந்திலாண்டவனுக்கே வெளிச்சம். குடமுழுக்குக் காண வரும் அன்பர்கள் தங்கள் இல்லத்துப் பரண்களையும் பூசையறைப் பெட்டிகளையும் ஒருமுறை இறக்கிப் பார்க்க வேண்டுகின்றேன். கலம்பகம் என்னும் பெயரோ, திருவைகுண்டம் என்னும் பெயரோ ஓலையின் ஓரத்தில் தென்பட்டால், அதனை நீரிலும் நெருப்பிலும் இடாது, எண்ணெய் பூசவும் முற்படாது, உள்ளவாறே துணியிற் பொதிந்து சுவடி படிக்கவல்லார் ஒருவர் கையிற் சேர்ப்பியுங்கள்.